மக்கும் மல்ச்சிங் ஷீட்: ஒரு தக்காளிப் பயிரும் அதற்குப் பிறகு 14 மாதமும்

மல்ச்சிங் ஷீட் என்பது களை வராமலும் ஈரம் காயாமலும் இருக்கப் பாத்தி மேல் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக். முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த ரோலை ஏன் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்து வாங்கினேன் என்பது உங்களுக்குப் புரியாது.

இதற்கு முன்னால் ஒரு தடவை, "தானா மக்கிடும், நீங்க எடுக்கவே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு ஷீட் வாங்கிப் போட்டேன். மூன்றாவது மாதத்தில் பாத்தியின் மேல்பக்கம் சருகு மாதிரி நொறுங்க ஆரம்பித்தது. தொட்டால் பொலபொலவென்று உதிரும். பரவாயில்லையே, சொன்னபடி மக்குகிறதே என்று சந்தோஷப்பட்டேன். பயிர் முடிந்து உழவு ஓட்டும்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. மண்ணுக்குள் புதைத்த இரண்டு ஓரமும் பளபளப்புகூடக் குறையாமல் நாடா நாடாவாக வெளியே வந்தது. மேலே உதிர்ந்ததோ, நகக்கண் அளவுத் துண்டுகளாகக் காடு முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் மண்வெட்டி போட்டால் நாலைந்து துண்டு கிடைக்கும்.

அது பைகள் செய்கிற சாதாரண பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்தான். கோபால்ட், மாங்கனீசு, இரும்பு மாதிரி ஏதாவது ஒரு உலோக உப்பைக் கொஞ்சம் கலந்து, வெயிலும் சூடும் பட்டால் சீக்கிரம் உடையும்படி செய்திருப்பார்கள். ஆக்சோ டிகிரேடபிள் என்று பெயர். பொடியாகிறதே தவிர மக்குவதில்லை. மண்ணுக்குள் வெயில் போகாது, அதனால் அங்கே பொடியாவதுகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் இந்த ஆக்சோ சரக்கைத் தனியாகக் குறிப்பிட்டு, 2021 ஜூலையிலிருந்து விற்கவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது என் காட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அதனால் இரண்டாவது தடவை ஏமாறக் கூடாது என்று முடிவு செய்தேன். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது ஷீட்டைப் பற்றியது. 15 மைக்ரான் தடிமன் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), கறுப்பு, 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம். பிபிஏடி என்கிற மக்கும் பிளாஸ்டிக்கோடு, பிஎல்ஏ என்கிற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கும் ஸ்டார்ச்சும் (மாவுச்சத்து) கலந்தது என்று அட்டையில் போட்டிருந்தது. கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த வகை ஷீட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாளிச் சோதனை என்னவென்றால், ஷீட்டில் ஒரு உள்ளங்கை அளவுத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, துண்டைத் தண்ணீருக்குள் வைத்து விரலால் வழித்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழை எல்லாம் எடுத்துவிட்டுக் கையை விடுங்கள். பாலிஎத்திலீன் என்றால் மேலே வந்துவிடும், ஏனென்றால் அது தண்ணீரைவிட லேசு. பிபிஏடி, பிஎல்ஏ இரண்டும் தண்ணீரைவிடக் கனம், மெதுவாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் முன்னாலேயே செய்து பார்த்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்த பாலிஎத்திலீன் ஷீட்டும் மூழ்கலாம், அதனால் மூழ்கினாலே நல்ல சரக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் மிதந்தால் மட்டும் யோசிக்காமல் திரும்பி வந்துவிடலாம்.

எடை போட்டும் பார்க்கலாம். 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம் என்றால் 480 சதுர மீட்டர். 15 மைக்ரான் தடிமனுக்கு மொத்தக் கன அளவு 7.2 லிட்டர். இந்த வகை பிளாஸ்டிக் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. ஆக ரோல் 9 கிலோ இருக்க வேண்டும், நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் தனி. என் ரோல் குழாயோடு பத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது, சரிதான். ஏழு கிலோதான் இருந்தது என்றால் ஒன்று தடிமனில் கை வைத்திருக்கிறார்கள், இல்லை நீளத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில்தான் விற்றவர் மேல் எனக்குக் கோபம். மண்ணில் மக்கும் என்பதற்குச் சோதனைச் சான்று கேட்டேன். கம்போஸ்ட், அதாவது உரக்கூடத்தில் மக்கி உரம், ஆகும் என்ற சான்றை அனுப்பினார்கள். இரண்டும் ஒன்றில்லை. கம்போஸ்ட் சோதனை என்பது பெரிய உரக்கூடத்துச் சூட்டில், 58 டிகிரி வாக்கில் நடப்பது. எந்தப் பாத்தியில் 58 டிகிரி நாள் கணக்காக நிற்கும்? நின்றால் பயிரல்லவா வெந்துவிடும். மல்ச்சிங் ஷீட்டுக்கென்றே 2018-ல் வந்த ஐரோப்பியத் தரம் இஎன் 17033. அதன்படி சாதாரண மண் சூட்டில், 20-லிருந்து 28 டிகிரிக்குள், 24 மாதத்துக்குள் ஷீட்டில் உள்ள கார்பனில் 90 சதவீதமாவது கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். செடிக்கும் மண்புழுவுக்கும் கெடுதல் செய்யக் கூடாது, கன உலோகம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. மூன்று தடவை கேட்ட பிறகு மண்ணுக்கான சான்று வந்தது. அதுவும் மூலப் பொருளான பிளாஸ்டிக் குருணைக்கு வாங்கியது, கறுப்புச் சாயமெல்லாம் சேர்த்து இழுத்த இந்த ஷீட்டுக்கு வாங்கியதில்லை. அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. இருந்தும் வாங்கினேன், கையில் சோதித்துப் பார்க்கலாம் என்று.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். மக்கும் என்றால் செடியிலிருந்து செய்தது என்று அர்த்தமில்லை. பிபிஏடி பெரும்பாலும் பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது. அது மக்குவதற்குக் காரணம் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்டர் என்கிற பிணைப்புகள். மண்ணில் இருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் விடும் நொதி அந்த இடத்தில் வெட்டுகிறது. சின்னச் சின்னதாக வெட்டுப்பட்டதைத் தின்றுவிடுகின்றன. பாலிஎத்திலீனில் அப்படி வெட்டுவதற்கு ஒரு கண்ணி கிடையாது. இயற்கை விவசாயச் சான்று வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். அமெரிக்காவின் இயற்கை விவசாய விதியில் 2014-ல் மக்கும் ஷீட்டைச் சேர்த்தபோதே, உயிர்மூலத்திலிருந்து செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு கொக்கி வைத்தார்கள். அது முழுக்க உயிர்மூலமாக இருக்க வேண்டும் என்று 2015-ல் விளக்கமும் தந்தார்கள். அப்படிப்பட்ட ஷீட் அப்போது சந்தையில் இல்லை. ஆகவே உங்களுக்குச் சான்று தருபவரைக் கேட்காமல் ஒரு ரோல்கூட விரிக்காதீர்கள்.

சரி, காட்டுக்கு வருவோம். அரை ஏக்கர். 45 மீட்டர் நீளத்தில் 30 மேட்டுப்பாத்தி, பாத்திக்குப் பாத்தி ஒன்றரை மீட்டர். 24 பாத்திக்கு மக்கும் ஷீட், 6 பாத்திக்கு எப்போதும் போடும் 25 மைக்ரான் பாலிஎத்திலீன். நடுவில் கலந்து போடாமல் ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டது என் தப்பு. பாலிஎத்திலீன் விழுந்த வடக்கு ஓரம் எப்போதுமே கொஞ்சம் ஈரமான இடம். அதனால் ஒப்பிட்டுச் சொல்வதில் ஒரு கண் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரிக்கும் அன்று காலையே முதல் அடி. டிராக்டரில் மாட்டும் ஷீட் மெஷினில் ரோல் ஓடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிரேக் உண்டு. பாலிஎத்திலீனுக்கு அதை இறுக்கி வைப்போம், அப்போதுதான் பாத்தியில் மத்தளம் மாதிரி விறைப்பாக உட்காரும். அதே இறுக்கத்தில் இதை மாட்டினோம். பத்தடிகூடப் போகவில்லை, ஷீட் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு நடுவில் ஒடுங்கி, ஒரு கல் முனையில் பட்டதும் நீளவாக்கில் சர்ரென்று கிழிந்தது. பிரேக்கை ஏறக்குறைய முழுக்கத் தளர்த்திய பிறகுதான் ஒழுங்காக வந்தது. வெயில் ஏற ஏற இன்னும் கூடுதலாக இழுபட்டது. ஆகவே காலை ஒன்பது மணிக்குள் முடிக்கப் பாருங்கள். பாத்தியை நைசாக்குவதில் சோம்பல் படக் கூடாது. கட்டி, கல், போன பயிரின் தூர் எது இருந்தாலும் இந்த ஷீட் மன்னிக்காது.

ஓட்டை போடுவதும் அப்படித்தான். நாங்கள் வழக்கமாகக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போட்டு நாற்றை வைப்போம். இதில் அந்தக் கீறலின் நுனியே கிழிசலுக்கு வழி. முதல் இரண்டு பாத்தியில் பத்து நாளில் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையில் கோடு விழுந்துவிட்டது. மூன்றாவது பாத்தியிலிருந்து ஒரு தகரக் குழாயின் வாயை அரத்தால் கூராக்கி, வட்டமாகத் தட்டி எடுத்தோம். வட்டத்துக்கு மூலை கிடையாது, கிழிசலும் அங்கிருந்து கிளம்பவில்லை.

பாலிஎத்திலீன் என்றால் ஷீட்டை விரித்துவிட்டு நாற்று தயாராகும்வரை இரண்டு வாரம் சும்மா போட்டு வைப்போம். இதில் அந்தச் சுகம் இல்லை. விரித்த நிமிடத்திலிருந்து இதன் ஆயுள் குறைய ஆரம்பிக்கிறது. காலையில் விரித்து மாலையில் நட்டோம்.

களை விஷயத்தில் முதல் இரண்டு மாதம் இரண்டு ஷீட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கோரை மட்டும் இரண்டையும் குத்திக்கொண்டு வந்தது. கோரைக் கிழங்கு இருக்கும் காட்டில் எந்த ஷீட் போட்டாலும் அது ஊசி மாதிரி மேலே வரும், அதற்கு இதைக் குறை சொல்ல முடியாது.

ஈரத்தில் வித்தியாசம் தெரிந்தது. விடியற்காலையில் பாலிஎத்திலீன் ஷீட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். மக்கும் ஷீட்டின் அடியில் லேசான பூச்சு மாதிரிதான் இருந்தது. இந்த வகைப் பிளாஸ்டிக் வழியாக நீராவி பாலிஎத்திலீனைவிடக் கூடுதலாக வெளியே போகும், அதுதான் காரணம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து, சொட்டுநீரை நாளைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக விட்டேன். தண்ணீர் தட்டுப்பாடு உள்ளவர்கள் இந்தப் பத்து நிமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

40-ஆம் நாள் வாக்கில் பாத்தியின் தோள்பட்டையில், ஷீட் மண்ணுக்குள் இறங்கும் அந்த ஒரு கோட்டில், முதல் ஓட்டைகள் விழுந்தன. மேலே வெயில், கீழே ஈர மண், இரண்டும் சேரும் இடம் அதுதான். அங்கே மெலிந்துவிட்டால் காற்று ஷீட்டைத் தூக்கிவிடும். ஒரு ராத்திரி அடித்த காற்றில் மூன்று பாத்தியில் ஒரு பக்கம் முழுக்கக் கழன்று பாய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவியும் நானும் விடிகாலையில் மண் அள்ளிப் போட்டு அமுக்கினோம். அடுத்த தடவை ஓரத்தை நாலு விரக்கடை கூடுதலாகப் புதைப்பேன். அதே வாரம் ஒரு நாய் பாத்தி மேலேயே ஓடியிருக்கிறது. கால் வைத்த இடமெல்லாம் அச்சுக் குத்தினாற்போல் ஓட்டை. பாலிஎத்திலீனில் அந்த நாயின் தடம்கூட இல்லை.

70-ஆம் நாள் மேல்பக்கத்தில் விரிசல். ஆனால் எங்கே என்று பார்த்தால், நாற்று செத்து இடைவெளி விழுந்த இடங்களில்தான். செடி தழைத்து நிழல் கட்டிய இடத்தில் ஷீட் கெட்டியாக இருந்தது. வெயில் படுவதுதான் மேலே கெடுக்கிறது, நிழலில் அது பிழைத்துக்கொள்கிறது. இதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு நிம்மதி. ஷீட் விட்டுக்கொடுக்கும் நேரத்தில் செடியே மூடிக்கொள்கிறது. நூறாவது நாளில் பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு திறந்துதான் கிடந்தது, இருந்தும் களை தலையெடுக்க முடியவில்லை. பறிப்பில் பாலிஎத்திலீன் 6 பாத்தியையும் பக்கத்து 6 பாத்தியையும் பெட்டி எண்ணிப் பார்த்தேன். மொத்தப் பறிப்புக்கும் சேர்த்து இரண்டு பெட்டிதான் வித்தியாசம். அதுவும் அந்த ஈரமான ஓரத்துக்குச் சாதகமாக.

பயிர் முடிந்த பிறகுதான் உண்மையான வித்தியாசம். பாலிஎத்திலீன் 6 பாத்தியை எடுக்க இரண்டு ஆளுக்கு அரை நாள். கூடமாட இருந்த அக்கா ஒருவர், "இது ஷீட்டு எடுக்குற வேலையா, மண்ணு சுமக்குற வேலையாப்பா?" என்றார். அவர் கேட்டது நியாயம். 270 மீட்டர் ஷீட், போடும்போது ஏழரைக் கிலோ இருந்திருக்கும். சுருட்டித் தராசில் வைத்தால் 17 கிலோ. மீதி அத்தனையும் மண்ணும் வேரும். பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் தூக்கிப் பார்த்துவிட்டு, கழுவித் தந்தால் வாங்குகிறேன் என்றார். எந்தத் தண்ணீரில், எந்த ஆளை வைத்துக் கழுவுவது? அந்தச் சுருணை இன்னும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. அதுவும் 25 மைக்ரான் என்பதால் ஓரளவு முழுசாக வந்தது. இன்னும் மெலிசான ஷீட் போட்டிருந்தால் பாதி மண்ணிலேயே அறுந்து தங்கியிருக்கும்.

மக்கும் ஷீட் 24 பாத்தியில் எடுக்க எதுவுமே இல்லை. குச்சி, கயிறு, சொட்டுநீர்க் குழாய் மூன்றையும் எடுத்துவிட்டு, செடியோடு சேர்த்து, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டோவேட்டரை ஓட்ட வேண்டியதுதான். இங்கேயும் ஒரு தப்புச் செய்தேன். அவசரப்பட்டுக் காய்ந்த மண்ணில் ஓட்டினேன். ஷீட் நீள நீளமாகக் கிழிந்து ரோட்டோவேட்டர் தண்டில் கூந்தல் மாதிரி சுற்றிக்கொண்டது. மேலே நின்ற துண்டுகள் காற்றில் பறந்து வேலி முள்ளில் போய்த் தொங்கின. கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரி ஒரு வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. பறந்ததையெல்லாம் பொறுக்கி வந்து மண்ணில் புதைத்தேன். மீதிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டு, செடி வாடும்வரை விட்டு, மண் பதத்தில் இருக்கும்போது அரையடி ஆழம் போகும்படி ஓட்டியபோது ஒரு பிரச்சினையும் இல்லை. உடனே பசுந்தாள் விதைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். மேலே கிடந்தால் இந்த ஷீட் காய்ந்துதான் போகும். மண்ணுக்குள், ஈரத்தில், சூட்டில் இருந்தால்தான் மக்கும்.

உண்மையிலேயே மக்கியதா என்று பார்க்கத்தான் மெனக்கெட்டேன். ஷீட்டில் உள்ளங்கை அளவுச் சதுரங்கள் வெட்டி, கொசுவலைத் துணியில் பைகளாகத் தைத்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போட்டேன். நாலு பை தண்ணீர் பாயும் பாத்தியில், நாலு பை தண்ணீர் போகாத வேலியோரத்தில், எல்லாம் அரையடி ஆழத்தில். துணைக்கு ஒரு பையில் பாலிஎத்திலீன் துண்டு. இடம் தெரிய இரும்புக் கம்பி நட்டு வைத்தேன்.

மூன்றாம் மாதம் பாத்திப் பையைப் பிரித்தபோது ஏமாற்றம். துண்டு முழுசாக இருந்தது. மண்ணைக் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு முழுக்க ஊசிமுனை ஓட்டைகள், அமாவாசை வானம் மாதிரி. ஒரு மூலையில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஒட்டிப் படர்ந்திருந்தது. ஆறாம் மாதம் அது துண்டே இல்லை, கரையான் அரித்த காகிதம். விரலால் எடுத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு கரைகிற மாதிரி போனது. ஒன்பதாம் மாதம் பையின் தையல் ஓரத்தில் மட்டும் மிளகு அளவுச் சில்லுகள். பதினாலாம் மாதம் வலையில் ஒரு கறுப்புக் கறைதான், அது ஷீட்டா சாயமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வேலியோரத்துப் பைகள் வேறு கதை சொல்லின. ஆறு மாதத்தில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பதினாலாம் மாதம் எடுத்த கடைசித் துண்டில் பாதிக்கு மேல் மிச்சம். ஒரே ஷீட், ஒரே ஆழம், இருபதடி தள்ளி. தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம். பாலிஎத்திலீன் துண்டைக் கழுவினால் மறுபடி விரிக்கலாம் போலிருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் முழுக்க மக்கிவிட்டது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வலைக் கண்ணைவிடச் சின்னத் துண்டுகள் வெளியே நழுவியிருக்கலாம். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் துண்டை எண்ணாமல் வெளியே வரும் கரியமில வாயுவை அளக்கிறார்கள். அந்த 24 மாதக் கணக்குகூட ஒரே சூடு, ஒரே ஈரம் வைத்து நடத்தும் சோதனை. குளிர்ந்த மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் அதைவிட நாளாகும். அப்படிப்பட்ட காட்டில் வருடம் தவறாமல் போட்டால், பழையது முடிவதற்குள் புதியது சேரும். மக்கினால் மண்ணுக்கு உரம் ஆகுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஏக்கர் முழுக்கப் போட்டாலும் 60 கிலோ பிளாஸ்டிக்தான், அதில் தழைச்சத்தும் கிடையாது. நாலைந்து கூடை குப்பை எரு அதைவிட உதவும்.

மிச்சமான ஷீட் கதையைக் கேளுங்கள். மூன்று ரோலில் 24 பாத்தி போக, கிழிந்தது போக, 80 மீட்டருக்கு மேல் நின்றது. பாலிஎத்திலீன் ரோலைப் போலத்தானே என்று மோட்டார் கொட்டகைத் தகரக் கூரைக்குக் கீழே படுக்கப் போட்டுவிட்டேன். பதினோரு மாதம் கழித்துப் பிரித்தால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு, இழுத்த இடமெல்லாம் பிய்ந்து வந்தது. சூடும் காற்று ஈரமும் ரோலிலேயே அதைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. குளிர்ச்சியான, ஈரமில்லாத, வெளிச்சம் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, வாங்கிய பருவத்திலேயே முடித்துவிட வேண்டும். தயாரித்த தேதி ரோலில் எங்கேயும் இல்லை. இப்படிக் காலாவதி ஆகும் பொருளில் தேதி அச்சடிக்காமல் விற்பது எந்த ஊர் நியாயம்? அடுத்த தடவை தேதி கேட்டு, எழுதி வாங்கினேன்.

அந்த அடுத்த ரோலை முலாம்பழத்துக்குப் போட்டேன். செடிக்கு நன்றாகத்தான் இருந்தது. பழம்தான் ஷீட் மேலேயே உட்கார்ந்து முற்றுமல்லவா? பழத்துக்கு அடியில் ஈரமும் இருட்டும் சேர்ந்து, ஷீட் அந்த இடத்தில் முன்கூட்டியே மக்க ஆரம்பித்துப் பழத் தோலோடு ஒட்டிக்கொண்டது. முலாம்பழத்தின் சொரசொரப்பில் ஒட்டிய கறுப்பைத் துணியால் தேய்த்தாலும் போகவில்லை. வாங்க வந்தவர் அழுகல் என்று நினைத்துப் பாதியை ஒதுக்கினார். பழத்துக்குக் கீழே ஒரு கைப்பிடி வைக்கோல் வைத்தால் ஒட்டாது. ஆனால் ஒவ்வொரு காய்க்கும் யார் வைப்பது? தரையில் காய் படும் பயிருக்கு இதை நான் இனிமேல் போடமாட்டேன்.

மிளகாய்க்கும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நான் சொன்னதைக் கேட்டு ஏழு மாத மிளகாய்க்குப் போட்டார். மிளகாய்ச் செடி தக்காளி மாதிரி நிழல் கட்டுவதில்லை. நாலாம் மாதமே பாத்தி திறந்துவிட்டது, மீதி மூன்று மாதமும் ஆள் விட்டுக் களை எடுத்தார். "ஏன்டா தம்பி, ஷீட்டு மக்கிருச்சு, களை மக்கலையே" என்று இன்றைக்கும் பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்கிறார். பதில் இல்லை என்னிடம்.

விலை பாலிஎத்திலீனைவிடத் தெளிவாகக் கூடுதல். அந்தக் கூடுதலை, ஷீட் எடுக்க ஆகும் ஆள் கூலியோடும், எடுத்த சுருணையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வியோடும் வைத்துப் பாருங்கள். எனக்கு அரை ஏக்கருக்கு ஐந்து ஆள் நாள் மிச்சம். பாலிஎத்திலீன் ஷீட்டை இரண்டு பயிருக்குத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்குக் கணக்கு மாறிவிடும், அவர்களுக்கு இது கட்டாது. மூன்று நாலு மாதத்தில் முடியும், நட்டு ஒன்றரை மாதத்தில் தழைத்து மூடும், காய் தரையில் படாத பயிர், தண்ணீர் பாயும் காடு. இந்த நாலும் சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம். எனக்குத் தக்காளிக்குச் சேர்ந்தது.

இந்தப் பருவத்துக்கும் தக்காளிதான். ரோலை வெட்டித் தரமாட்டேன் என்கிறார்கள், முழு ரோல்தான். மிச்சம் வைத்தால் வீண் என்பதால் இந்தத் தடவை ரோலுக்கு ஏற்றபடி பாத்தியை மாற்றிவிட்டேன். முனையில் மடித்துப் புதைக்க ஒரு மீட்டர் சேர்த்து, பாத்திக்கு 46 மீட்டர். 26 பாத்திக்கு 1,196 மீட்டர். மூன்று ரோலில் 4 மீட்டர்தான் மீறும், கிழியும் இடத்துக்கு ஒட்டுப்போட அது வேண்டும். மீதி 4 பாத்திக்கு வைக்கோல் போட்டுப் பார்க்கிறேன், இந்தத் தடவை ஓரத்தில் ஒதுக்காமல் நடுநடுவே கலந்து.